மருந்து அடித்தும் பூச்சி போகவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

கடையில் போய் "கரப்பான் மருந்து கொடுங்க" என்றால் ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது எப்படிக் கொல்லும் என்று கடைக்காரரும் சொல்ல மாட்டார், நாமும் கேட்க மாட்டோம். ஒரு வாரம் கழித்துப் பூச்சி அப்படியே இருக்கும். "எல்லாம் கலப்படம்" என்று மருந்தைத் திட்டுவோம். பழைய வாடகை வீடு ஒன்றில் இரண்டு வருடம் நானும் இப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஒவ்வொரு மருந்தாக எடுத்து, இது பூச்சியின் உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது என்று படித்துப் பார்த்தேன்.

முக்கியமான வழிகள் மூன்று. ஒன்று, மேலே பட்டோ, மருந்து காய்ந்த இடத்தில் நடக்கும்போது கால் வழியாகவோ போவது. ஸ்ப்ரே, சாக்பீஸ், பவுடர் எல்லாம் இந்த ரகம். இரண்டு, தின்று வயிற்றுக்குள் போவது. விஷம் கலந்த தீனியான ஜெல்லும் போரிக் பவுடர் உருண்டையும் இதில் சேரும். மூன்று, ஒரு பூச்சி கொண்டுபோய் மற்றவற்றுக்குக் கொடுப்பது. எறும்பும் கரையானும் கூட்டமாக அழிவது இந்த வழியில்தான். உங்கள் வீட்டில் நடப்பதைக் கீழே உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கரப்பான் அடித்தவுடன் மல்லாந்து விழுகிறது, காலையில் பார்த்தால் காணோம்

ஸ்ப்ரே டப்பாவின் பின்பக்கத்தில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் இருக்கும். இமிப்ரோத்ரின் மாதிரி ஒன்று, சைபர்மெத்ரின் அல்லது டெல்டாமெத்ரின் மாதிரி இன்னொன்று. இரண்டும் பைரித்ராய்டு குடும்பம். சாமந்தி வகைப் பூ ஒன்றிலிருந்து எடுத்த பழைய பூச்சி மருந்தைப் பார்த்துச் செயற்கையாகச் செய்தவை.

பூச்சியின் நரம்பில் செய்தி ஓடும்போது சோடியம் நுழையும் நுண்ணிய கதவுகள் திறந்து, உடனே மூடிக்கொள்ள வேண்டும். பைரித்ராய்டு அந்தக் கதவை மூட விடாது. நரம்பு நிற்காமல் துடித்துக்கொண்டே இருக்கும். கரப்பான் மல்லாந்து காலை உதறுவது இதனால்தான். முதல் மருந்தின் வேலை உடனே வீழ்த்துவது, இரண்டாவதன் வேலை கொல்வது. வீழ்வதும் சாவதும் ஒன்றாகிவிடாது. மருந்து போதவில்லை என்றால், பூச்சியின் உடம்பில் உள்ள நொதிகள் அதை உடைத்துத் தள்ளிவிடும். சில மணி நேரத்தில் அது எழுந்து போய்விடும். மருந்தைத் தாங்கும் திறனைப் பரம்பரையாகப் பெற்ற கூட்டமாக இருந்தால் இது இன்னும் அதிகமாக நடக்கும்.

விழுந்ததை அப்படியே விட்டுவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். பெருக்கி எடுத்து, சோப்பு கலந்த வெந்நீரில் போட்டுவிடுங்கள். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பைரித்ராய்டு பொதுவாகச் சூடு குறைவாக இருக்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். மே மாத மத்தியானத்தில், அடுப்பு எரிந்து ஓய்ந்த சமையலறையில் அடிப்பதைவிட, இரவு பத்து மணிக்கு மேல் அடிப்பது மேல். கரப்பான் வெளியே வரும் நேரமும் அதுதான்.

சமையலறையில் அடித்தேன், இப்போது படுக்கையறையிலும் வருகிறது

பைரித்ராய்டு பல பூச்சிகளுக்கு எரிச்சலூட்டும். மருந்து பட்ட இடத்தை விட்டு விலகி ஓடும். ஒரு மூலையில் இருந்த கூட்டத்தை நாமே நாலு அறைக்கும் அனுப்பிவைக்கிறோம். கண்ணில் பட்டதை அடிக்க ஸ்ப்ரே போதும், கூட்டத்தை ஒழிக்க அது சரிவராது. சின்னக் கரப்பானாக இருந்தால் ஜெல்லுக்கு மாறுங்கள்.

எது சின்னது, எது பெரியது என்பதை முதலில் பார்த்துக்கொள்வது முக்கியம். தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகளோடு, ஒன்றரை சென்டிமீட்டருக்குள், வெளிர் பழுப்பாக இருந்தால் அது ஜெர்மன் கரப்பான். பெயர்தான் ஜெர்மன். அதன் மூலம் வங்காள விரிகுடாவை ஒட்டிய இந்திய, மியான்மர் பக்கம் என்று 2024-இல் மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. இது வீட்டுக்குள்ளேயே பிறந்து வீட்டுக்குள்ளேயே சாகும். ஃபிரிட்ஜ் மோட்டார், மிக்சிக்கு அடிப்பக்கம், கேஸ் அடுப்பின் அடித்தட்டு, கதவுக் கீல் என்று சூடும் ஈரமும் உள்ள சந்துகளில் இருக்கும். நாலு சென்டிமீட்டர் நீளத்துக்குச் செம்பழுப்பாக இருந்தால் அது அமெரிக்கக் கரப்பான். அதன் வீடு சாக்கடை.

ஜெல் வைத்தேன், சீண்டவே இல்லை

எனக்கு அதிக நாள் புரியாமல் இருந்தது இதுதான். காரணங்களை வரிசையாகத் தட்டிப் பாருங்கள்.

அதே இடத்தில் சமீபத்தில் ஸ்ப்ரே அடித்தீர்களா? பெரும்பாலான வீடுகளில் பதில் இதுதான். ஸ்ப்ரேயின் எச்சம் கரப்பானை ஜெல் பக்கமே வர விடாது. ஜெல் மேலேயே ஸ்ப்ரே பட்டுவிட்டால் அதைச் சுரண்டி எறிய வேண்டியதுதான். ஜெல் வைக்கும் இடத்தைச் சோப்புத் தண்ணீரால் நன்றாகத் துடைத்து, காயவிட்டு, அப்புறம் வையுங்கள். வைத்தபின் வீட்டில் யாரும் ஸ்ப்ரேயைத் தொடக் கூடாது. இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். ராத்திரி தண்ணீர் குடிக்க வருபவர் ஒரு கரப்பானைப் பார்த்துப் பதறி ஒரு அடி அடித்தால் போதும், வேலை கெட்டுவிடும்.

ஜெல்லைவிட நல்ல சாப்பாடு பக்கத்தில் இருக்கிறதா? சிங்க்கில் ஊறும் பாத்திரம், அடுப்புக்குக் கீழே சிந்திய குழம்பு, மூடாத குப்பைக் கூடை. இவை இருக்கும்போது ஜெல்லுக்கு ஏன் வரும்?

பெரிய உருண்டையாக நாலு இடத்தில் வைத்தீர்களா? கரப்பான் தன் சந்திலிருந்து அதிக தூரம் போகாது. துவரம்பருப்பு அளவுக்குச் சின்னச் சின்னத் துளிகளாக, கீல், ஷெல்ஃப் மூலை, சிங்க்கின் அடிப்பக்கம் என்று பல இடங்களில் வைக்க வேண்டும். மிளகுத் தூள் தூவியது போலக் கறுப்பு எச்சம் எங்கே இருக்கிறதோ, அங்கே பக்கத்தில்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் தொடவில்லை என்றால், வேறு கம்பெனி ஜெல்லை வாங்கிப் பாருங்கள். ஜெல்லில் விஷத்தோடு இனிப்பும் இருக்கும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஜெர்மன் கரப்பான்கள் சில அந்த இனிப்பையே ஒதுக்கியதை 1993-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2013-இல் காரணமும் தெரிந்தது. குளுக்கோஸ் அந்தக் கரப்பான்களுக்குக் கசக்கிறது! இனிப்பைத் தின்ற கரப்பான்கள் எல்லாம் செத்துப்போக, இனிப்பைக் கசப்பாக உணர்ந்தவை பிழைத்துப் பெருகியிருக்கின்றன. அதனால் விஷத்தின் பெயரை மட்டும் பார்த்து மாற்றினால் போதாது, ஜெல்லின் தீனியும் மாற வேண்டும்.

விஷங்களில் வேறுபாடு உண்டு. ஃபிப்ரோனில் நரம்பை அமைதிப்படுத்தும் குளோரைடு வழியை அடைக்கும். இமிடாகுளோப்ரிட் நரம்புக்கும் நரம்புக்கும் நடுவில் செய்தி வாங்கும் இடத்தில் போய் உட்காரும். ஹைட்ராமெதில்னான் நரம்பைத் தொடாது, உடம்பு சக்தி தயாரிப்பதையே நிறுத்தும், அதனால் மெதுவாக வேலை செய்யும். இண்டாக்சாகார்ப் பூச்சியின் உடம்புக்குள் போனபின்தான் முழு விஷமாக மாறுகிறது. எல்லாமே கொஞ்சம் தாமதமாகக் கொல்பவை. அந்தத் தாமதம் வேண்டும் என்றுதான் இப்படிச் செய்திருக்கிறார்கள். தின்ற கரப்பான் தன் சந்துக்குப் போய் எச்சமிட்டுச் சாகும். குஞ்சுகள் அந்த எச்சத்தையும் பிணத்தையும் தின்று தாமும் சாகும். இரண்டு நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்று ஜெல்லைத் துடைத்துவிடாதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் பாருங்கள்.

ஒரு மாதம் நிம்மதி, திடீரென்று குட்டிக் குட்டியாகக் கரப்பான்

முட்டைக்கூடு பொரிந்திருக்கிறது. பயறு மாதிரி இருக்கும் அந்தக் கூட்டின் ஓட்டைத் தாண்டி எந்த ஸ்ப்ரேயும் உள்ளே போகாது. ஜெர்மன் கரப்பான் 30 முதல் 40 முட்டை உள்ள கூட்டை, பொரியும் வரைக்கும் பின்னாலேயே சுமந்து திரியும். பொரிய மூன்று நான்கு வாரம் ஆகும். முதல் முறை ஜெல் வைத்த நாளைக் காலண்டரில் குறித்து, மூன்றாவது வாரம் புதிதாக வையுங்கள். பழைய துளி காய்ந்து கல்லாகியிருக்கும். பழைய அட்டைப்பெட்டி, செய்தித்தாள் கட்டு, இரண்டாம் கையாக வாங்கிய மைக்ரோவேவ் ஆகியவற்றில் வெளியிலிருந்து கூடோ கரப்பானோ வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெரிய செம்பழுப்புக் கரப்பான் பாத்ரூமில் மட்டும்

இதற்கு வீட்டுக்குள் மருந்து அடிப்பது பெரிய பலன் தராது. குழாய் வழியாக வருகிறது. தண்ணீர் போகும் ஓட்டையில் நீர் தங்கும் அமைப்பு உள்ள ஜாலி போட்டு, இரவில் அதை மூடுங்கள். யாரும் பயன்படுத்தாத பாத்ரூமில் அந்த நீர் வற்றிவிடும், வாரம் ஒருமுறை ஒரு குவளை ஊற்றுங்கள். சாக்கடைக் குழியின் மூடியில் சந்து இருந்தால் சிமெண்ட் வைத்து அடையுங்கள். காய்ந்தபின்னும் நீண்ட நாள் நிற்கும் மருந்து அடிப்பதானால் அந்தக் குழியின் உள்சுவரில்தான் அடிக்க வேண்டும். கிணறு, குளம், மீன் தொட்டி பக்கத்தில் அடிக்காதீர்கள். பைரித்ராய்டு மீனுக்குக் கொடிய விஷம்.

சாக்பீஸ் கோட்டைத் தாண்டிக்கொண்டு போகிறது

சாக்பீஸில் இருப்பதும் பைரித்ராய்டுதான். பூச்சி கோட்டைத் தொட்டபின் சாக நேரம் எடுக்கும், அதனால் தாண்டுவதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஆனால் சொரசொரப்பான சிமெண்ட் தரை தூளை உள்ளே இழுத்துக்கொள்ளும். சுண்ணாம்பு அடித்த சுவரின் காரம் பைரித்ராய்டை வேகமாகச் சிதைக்கும், வெயிலும் சிதைக்கும். தினமும் துடைத்தால் கோடே இருக்காது. எனக்கு இந்தச் சாக்பீஸ் பிடிப்பதில்லை. பள்ளிக்கூடச் சாக்பீஸ் போலவே இருப்பதால் தவழும் குழந்தை எடுத்து வாயில் வைக்கும். குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

ஒரு எறும்பு வரிசையை அடித்தேன், இப்போது மூன்று வரிசை

மிகச் சிறிய மஞ்சள், செம்மஞ்சள் எறும்பு என்றால் இது நடக்கும். அவற்றின் கூட்டில் ராணி ஒன்று இல்லை, பல. ஆபத்து என்று தெரிந்ததும் கூட்டம் பிரிந்து, ஆளுக்கொரு ராணியோடு வேறு வேறு சந்துக்குக் குடிபோகும். நாம் அடிப்பது வெளியே இரை தேட வந்த சிறு பகுதியை மட்டுமே. ராணி சுவருக்குள் முட்டையிட்டுக்கொண்டிருக்கும்.

ராணிக்கு விஷம் போக வேண்டுமானால் வேலைக்கார எறும்பே கொண்டுபோய் ஊட்ட வேண்டும். அதற்கு அது வீடு போய்ச் சேரும் வரை உயிரோடு இருக்க வேண்டும். அதனால் விஷம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். 100 மில்லி வெந்நீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் பவுடர். இதற்கு மேல் போரிக் போட வேண்டாம். கேரம்போர்டுக்கு விற்கும் பவுடரில் இப்போது பலதும் வெறும் மாவு, பெயர் பார்த்து வாங்குங்கள். கரைசலில் பஞ்சை நனைத்து, பாட்டில் மூடியில் வைத்து வரிசைக்கு அருகில் விடுங்கள். முதல் நாள் கூட்டம் அதிகமாகும். பயந்துபோய்த் துடைத்துவிடாதீர்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் தொடர்ந்து, காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிப்பைத் தொடவில்லை என்றால் ஒரு காகிதத்தில் ஒரு துளி வெல்லப்பாகும் ஒரு துண்டு கருவாடும் வைத்து, எதற்குப் போகிறது என்று பாருங்கள். கூட்டில் புழுக்கள் அதிகமாக இருக்கும் சமயத்தில் புரதம் தேடும். போரிக்கைக் கருவாட்டுத் தூளில் சேர்த்து வைக்கலாம், குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில்.

வழக்கமாக ஊரும் கறுப்புப் பிள்ளையார் எறும்புக்கு இவ்வளவு வேண்டாம். வழித்தடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் அது விட்டுச் சென்ற வாசனை போய்விடும், பிறகு வரும் ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

மூட்டைப்பூச்சிக்கு எது அடித்தும் பலன் இல்லை

மூட்டைப்பூச்சி இரத்தத்தைத் தவிர வேறெதையும் தொடாது. எனவே ஜெல், உருண்டை, போரிக் எதுவும் அதன் வயிற்றுக்குப் போகாது. மேலே படும் மருந்து ஒன்றுதான் வழி, அதிலும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. டி.டி.டி. என்ற பழைய பூச்சி மருந்தும் பைரித்ராய்டும் நரம்பில் ஒரே கதவைத்தான் பிடிக்கின்றன. டி.டி.டி. வந்து சில ஆண்டுகளிலேயே, 1947-இல், ஹவாயின் பேர்ல் துறைமுக முகாமில் அது மூட்டைப்பூச்சியைக் கொல்லவில்லை என்று கண்டார்கள். அந்தக் கதவு மாறிப்போன பரம்பரைக்குப் பைரித்ராய்டும் உறைப்பதில்லை.

மூட்டைப்பூச்சியால் தாங்க முடியாதது சூடு. 50 டிகிரிக்கு மேல் சூடு உள்ளே போய், சற்று நேரம் நின்றால், பூச்சியும் முட்டையும் சாகும். துணி, போர்வை, தலையணை உறையை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். இரும்புக் கட்டிலின் பொருத்துகளிலும் ஒயர் கட்டிலின் முடிச்சுகளிலும் நன்றாகக் கொதித்த நீரை ஊற்றுங்கள். நம் பாட்டிகள் செய்தது முழுக்கச் சரியான வேலை. மெத்தையை வெறுமனே வெயிலில் போட்டால், பூச்சி நிழல் பக்கத்துக்கு நகர்ந்துவிடும், பஞ்சின் உள்ளே சூடும் போகாது. அதை ஜிப் வைத்த முழு உறைக்குள் அடைத்து ஒரு வருடம் திறக்காமல் வைப்பது நல்லது. சாப்பிடாமலே பல மாதம் உயிரோடு இருக்கும் பூச்சி இது.

அப்புறம் சுவர் விரிசல், கட்டில் சட்டம், ஸ்விட்ச் பெட்டியின் ஓரம் ஆகிய இடங்களில் மருந்து. முட்டை பொரிய ஆறு முதல் பத்து நாள் ஆகும், மருந்து முட்டையைத் தொடாது. எனவே 10, 14 நாள் கழித்து இரண்டாவது முறை கட்டாயம். ஒருமுறை அடித்துவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போன ஆளை நம்பி நான் ஏமாந்திருக்கிறேன். இரண்டாவது வருகையையும் சேர்த்துப் பேசிவிட்டுத்தான் முன்பணம் கொடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், படுக்கை தீப்பிடிக்கும்.

சுவரில் மண்கோடு, அல்லது மரத்துக்குக் கீழே மாவு

இரண்டையும் கரையான் என்றே சொல்கிறார்கள். மண்கோடு கரையான். மாவு போன்ற மென்தூளும் குண்டூசித் துளைகளும் தெரிந்தால் அது மரத்தை உளுக்க வைக்கும் வண்டு. தரையில் துளை போட்டு மருந்து விட்டால் அந்த வண்டுக்கு ஒன்றும் ஆகாது. மரத்தின் துளைகளில் ஊசியால் மருந்து செலுத்த வேண்டும், இல்லை அந்தப் பலகையை மாற்ற வேண்டும்.

கரையானுக்கு வருவோம். மண்கோட்டை ஒரு சாண் அளவுக்கு உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் கூட்டம் உயிரோடு இருக்கிறது. அதன் மேல் கரப்பான் ஸ்ப்ரே அடிப்பது வீண். விலக்கும் மருந்து என்பதால் கரையான் சுற்றிக்கொண்டு நிலைக்கதவின் மறுபக்கம் ஏறும். இமிடாகுளோப்ரிட், ஃபிப்ரோனில் போன்றவை இருப்பதே அதற்குத் தெரியாது. அந்த மண்ணில் நடந்து, ஒன்றையொன்று நக்கியும் ஊட்டியும் கூட்டம் முழுக்கப் பரப்பிவிடும். பலர் அடிக்கும் குளோர்பைரிபாஸ் வேறு வகை, நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் நொதியைத் தடுப்பது. அதே நொதி நமக்கும் இருக்கிறது, எனவே கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

கட்டிய வீட்டில் எப்படிச் செய்வது என்பதற்கு ஐஎஸ் 6313 என்ற இந்தியத் தரநிர்ணயம் உண்டு. சுவரும் தரையும் சேரும் இடத்தில் 12 மில்லிமீட்டர் துளைகளை ஓர் அடி இடைவெளியில் போட்டு மருந்தைச் செலுத்தி அடைக்க வேண்டும். வருபவர் மூன்றடிக்கு ஒரு துளை போட்டால் நிறுத்திக் கேளுங்கள். வீட்டில் கிணறு இருந்தால் வேலை தொடங்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மற்றவை

பூரான், மரவட்டை வந்தால் ஈரம் வந்திருக்கிறது என்று பொருள். கசியும் குழாயைச் சரிசெய்து, சுவரோரம் உள்ள சருகை அள்ளுங்கள், மருந்து தேவைப்படாது. தேள் காலைத் தூக்கி நடக்கும், கரப்பான் போலத் தன்னை நக்கிச் சுத்தம் செய்யாது. அதனால் தரையில் காய்ந்த மருந்து அதற்கு ஏறுவது குறைவு. கல், விறகுக் குவியலை அகற்றுங்கள், கரப்பானை ஒழித்தால் தேளின் இரையும் போகும்.

புத்தக அலமாரியில் இராமபாணம் என்றால் காற்றோட்டமும் வறட்சியும் முதலில். பின்வரிசையில் கொஞ்சம் போரிக் பவுடர் போதும்.

நாய் உண்ணி சுவரில் ஏறினால், நாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. பெண் உண்ணி கீழே இறங்கிச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்குக் கால்நடை மருத்துவர் சொல்வது, சுவர் வெடிப்புக்குத் தனி மருந்து, இரண்டும் ஒரே நாளில். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. பூனையின் ஈரலால் அதைச் சிதைக்க முடியாது, செத்துவிடும்.

அறிகுறி பூச்சியிடம் இல்லாமல் உங்களிடம் தெரிந்தால்

பெயர் ஒட்டாத பாட்டிலில் ஊற்றித் தரும் மருந்தை வாங்காதீர்கள். டைகுளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை. யாராவது "பழைய ஸ்ட்ராங் மருந்து" என்று தந்தால் மறுத்துவிடுங்கள். டப்பாவில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடியது, பிறகு மஞ்சள், நீலம், கடைசியாகப் பச்சை. தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மூட்டைப்பூச்சிக்கோ எலிக்கோ வீட்டுக்குள் வைக்கவே கூடாது. ஈரம் பட்டதும் அது வெளியிடும் வாயு மூடிய அறையில் தூங்குபவர்களைக் கொன்றுவிடும்.

பைரித்ராய்டு தோலில் பட்டால் குறுகுறுப்பும் எரிச்சலும் வரும். சோப்புப் போட்டுக் கழுவினால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கும். குளோர்பைரிபாஸ் மாதிரி மருந்து என்றால் எச்சில் ஒழுகும், வியர்க்கும், கண்மணி சுருங்கும், மூச்சு இழுக்கும். அவரைக் காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவந்து, மருந்து பட்ட துணியைக் கழற்றி, 108-ஐக் கூப்பிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போகும்போது மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள். உள்ளே இருந்தது எது என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியான மாற்று மருந்தைத் தொடங்க முடியும்.